நீலத் தகரம்

கேட்டுக்குள் காரை விட்டதுமே ஈப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டயத்தில் ஊரே சரிவான ஓட்டுக் கூரையில் இருந்த காலத்தில், பரம்பரை வீட்டை இடித்துவிட்டு அண்ணன் மாத்தச்சனுக்காக அவன் வரைந்து கட்டிய வீடு அது. தட்டையான காங்கிரீட் கூரை, கட்டில்கூடச் சுவரோடு சேர்த்து வார்த்த சிமென்ட். அவனுக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த வீடுதான். அதன் தலையில் இப்போது இரும்புக் கால் நட்டு நீலத் தகரம் வேய்ந்திருந்தது. அண்ணனின் அடக்கத்துக்கு வந்தபோது இது இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் முடிந்து பாதிரியார் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு சமையலறைக்குள் போனான். அண்ணி சோசாம்மா மீன்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு அண்ணி தகரம் போட்டீங்க? விருதுக் கமிட்டிக்காரங்க அடுத்த வாரம் வீட்டைப் பாக்க வர்றாங்க."

"ஒழுகுது ஈப்பா."

"எத்தனை தடவை வந்திருக்கேன். ஒரு சொட்டுகூடப் பாத்ததில்லையே."

"எந்த மாசம் வந்தே? கிறிஸ்துமஸுக்குத்தானே உங்கண்ணன் கூப்பிடுவாரு. அதுக்கு முன்னாடி கறையெல்லாம் மறைய வெள்ளையடிச்சிருவாரு. தகரம் போடலாம்னு நான் வாயத் திறந்தா, 'தம்பி மனசு ஒடிஞ்சிரும்டி'ம்பாரு. மழைக்காலம் பூரா இருமிக்கிட்டே ஒழுகுற தண்ணிய வாளியில பிடிச்சு ஊத்தினாரு மனுஷன்."

ஒரு ஜூன் மாதம் வருகிறேன் என்றதற்கு, ரோடு மோசம், வராதே என்று அண்ணன் போனில் அவசரமாகத் தடுத்தது ஈப்பனுக்கு நினைவு வந்தது. அவமானமாக இருந்தது. விருதும் வேண்டியிருந்தது.

"ஒரு வாரம் மட்டும் பிரிச்சு வைக்கலாம் அண்ணி. அவங்க போனதும் நானே போட்டுத் தர்றேன்."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"பிரிச்சுக்கோ. அவரு இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு."

ஆட்கள் வந்து சாயங்காலத்துக்குள் பிரித்துவிட்டார்கள். கூரை வானத்தோடு ஒரே கோடாகத் தெரிந்தது. பழைய அழகுதான். வாசலில் நின்று அவன் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொண்டது.

உள்ளே ஓடிவந்தான். அண்ணி விட்டத்தை நிமிர்ந்தே பார்க்காமல் வாளிகளை வைத்துக்கொண்டு போனாள். ஒன்றுகூட இடம் தப்பவில்லை. கடைசி வாளியோடு அண்ணனின் அறைக்குள் நுழைந்தாள். நகர்த்த முடியாத அந்தச் சிமென்ட் கட்டிலில் மெத்தையை ஓரமாகச் சுருட்டிவிட்டு, அண்ணன் தலை வைத்துப் படுத்த இடத்தில் வாளியை வைத்தாள்.

முதல் சொட்டு அதற்குள் விழுந்தது.