கழுத்து உயரத்தில் ஓட்டைகள்

ஆளே இல்லாத ஷெட்டுக்குள் கம்ப்ரஸர் தானாக உறுமத் தொடங்கியதும் இசைவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை. லைன் முழுவதையும் நிறுத்தியிருந்தார்கள். எந்த மிஷினும் காற்று கேட்கவில்லை. ஆனாலும் பின்னாலிருந்த அறையில், குழாய்களுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் அந்தக் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடியது, ஓய்ந்தது, மறுபடி ஓடியது.

"யாருண்ணா குடிக்கிறாங்க அந்தக் காத்த?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மெயின்டனன்ஸ் டில்லிபாபு சிரித்தார். "அதக் கண்டுபுடிக்கத்தாம்மா உன்ன ஓ.டி.க்கு இட்டாந்தேன். பக்கெட்ட எடு."

அவள் பேக்கிங்கில் இருப்பவள். ஒரகடத்தில் இருக்கும் இந்தக் கம்பெனி கார் உதிரிபாகம் செய்கிறது. கோடை தொடங்கியதிலிருந்து கரண்ட் பில் ஏறிக்கொண்டே போக, மேலிடம் டில்லிபாபுவைப் பிடித்துக்கொண்டது. போதாததற்குப் பாகங்களை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களும், ஒவ்வொரு பாகத்தையும் செய்ய எவ்வளவு புகை வெளியே போகிறது என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

"காத்து சும்மா கெடைக்குதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க எல்லாரும். பத்து ரூபா கரண்ட்ட உள்ள போட்டா ஒரு ரூபா வேலதான் வெளிய வரும். மீதி சூடாப் பூடும்" என்றார் டில்லிபாபு.

பக்கெட் தண்ணீரில் ஷாம்பு பாக்கெட்டுகளைக் கலக்கி, பிரஷ்ஷால் தொட்டுக் குழாய்களின் மேல் தடவிக்கொண்டே போனார்கள். காற்று ஒழுகும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். இணைப்புகளில் ஒன்றிரண்டு இடத்தில் கொப்பளித்தது. அது எங்கும் இருப்பதுதான் என்று டில்லிபாபு அங்கேயே திருகி இறுக்கினார். கம்ப்ரஸர் நிற்கவில்லை.

மேற்குச் சுவரோரம் பிசிறு எடுக்கும் மேசைகள் வரிசையாக இருந்தன. இரும்புத் தூளை ஊதித் தள்ளுவதற்காக ஒவ்வொரு மேசைக்கும் மேலிருந்து ஒரு நீல டியூப் தொங்கும். டில்லிபாபு ஒரு கோடியிலிருந்து வர, இசைவாணி மறுகோடியில் தொடங்கினாள். முதல் டியூபிலேயே மிளகளவு நுரை பொங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து டியூபிலும் அப்படியே, அதே உயரத்தில்.

அவளுக்கு வியப்பாக இருந்தது. பழசாகிக் கிழிந்தால் கண்ட இடத்தில்தானே கிழியும்? வேலை செய்பவர்களைப் போல ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். பிடரியில் சில்லென்று காற்று பட்டது.

அடுத்த மேசையில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வடக்குப்பட்டில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மெர்சியின் மேசை. காற்றை உடம்பில் பிடித்தால் வேலை போகும் என்று சுவரில் போர்டே இருக்கிறது. மெர்சியோ கான்ட்ராக்ட் ஆள். இசைவாணி சட்டென்று அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

"அங்க இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்லண்ணா."

பக்கத்து டியூப் காட்டிக்கொடுத்தது. டில்லிபாபு வந்து குனிந்து பார்த்தார். "ஊசில குத்திக்கீறாளுங்க! கண்ணுல பட்டா கண்ணே பூடும். எந்த டேபுள்ல யாரு? பேரு சொல்லு, நாளைக்கே கேட்டுக்கு வெளிய."

இசைவாணி விரலை எடுக்கவில்லை. பயத்தையும் மீறி ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. சற்று முன் நுரை தடவிப் பார்த்த எதிர் வரிசையிலும் இதே மேசைகள், இதே டியூப்கள். அங்கே ஏன் ஒரு ஓட்டையும் இல்லை?

கேட்டேவிட்டாள். டில்லிபாபு எதிர் வரிசையைப் பார்த்தார். அங்கே பெரிய கதவு, காற்றோட்டம். இந்தப் பக்கம் தகரச் சுவர் மத்தியானத்திலிருந்து காய்ந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த பெரிய ஃபேன்கள் தூசி படிந்து நின்றன.

அவர் முகம் மாறியது. "தை மாசம் நான்தாம்மா நிறுத்துனேன், கரண்ட்டு மிச்சம்னு. குக்கர் பரிசு குடுத்தாங்க."

"அப்புறம் யாரும் போடச் சொல்லலியா?"

"கேட்டாங்களாம். சேமிப்புன்னு சொல்லி சூப்பர்வைசர் திருப்பி அனுப்ட்டாராம்." ஓட்டைகளையும் ஃபேன்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஓட்டைங்க குடிக்கிற கரண்ட்டுல அந்த ஃபேனுங்கள ஓட்டிட்டு, இன்னும் மிச்சம் புடிக்கலாமே..."

"பேரு எழுதிக் குடுத்தா ஆளுதாண்ணா மாறும். புதுசா வர்றவங்களுக்கும் வேர்க்குமே."

டில்லிபாபு முறைத்தார். பிறகு டேப்பை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஒட்டு. நாளைலேர்ந்து ஃபேன் ஓடட்டும். அடுத்த ஞாயிறு ஒரு டியூப் ஊதுச்சின்னாலும் பேரு மேல போயிடும். சொல்ட்டேன்."

அன்று சாயங்காலம் அறையில் மெர்சி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, அது என் ஏசிடீ! உனக்கின்னா, ஜிலுஜிலுன்னு பேக்கிங்ல உக்காந்துக்கினு கீற."

"ஃபேன் போடறாங்கடி. இனிமே குத்திடாத. உன் வேலயே பூடும்."

"ஃபேன் வந்தா நான் ஏன் குத்தப் போறேன்? எனக்கின்னா வேண்டுதலா?"

வாரம் முழுக்க ஃபேன்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் நின்று இசைவாணியும் டில்லிபாபுவும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வெளியே ரோட்டில் சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோ போகும் சத்தம்கூடக் கேட்டது. கம்ப்ரஸர் வாய் திறக்கவில்லை. இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் கேட்டது. மெல்லிசாக, ஸ்ஸ்ஸ் என்று. மாதா ஸ்டிக்கர் ஒட்டிய மேசையிலிருந்து.

டில்லிபாபு போய், காற்று வராதபடி அந்த டியூபை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஃபேனப் போடு."

போட்டாள். அடுத்த மேசையில் கிடந்த துணி படபடத்தது. அவர் சட்டைக் காலர்கூட அசையவில்லை. ஃபேனுக்கும் மெர்சியின் மேசைக்கும் நடுவே ஒரு தூண் நின்றது. தகரத்தின் அனல் மட்டும் அவர் முதுகில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வேர்வை வழிய ஆரம்பித்தது. துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பேரு எழுதிக்கினு போவப் போறீங்களாண்ணா?" என்றாள் இசைவாணி.

"எழுதுறதுன்னா இந்தத் தூண் பேரத்தான் எழுதணும்." அவர் எழுந்தார். "என் ரூமுல ஒரு ஸ்டாண்டு ஃபேன் கீது, தூக்கினு வா. அப்டியே டேப்பும்."

அவள் ஓடினாள். பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"அண்ணா, அப்போ உங்களுக்கு வேர்க்காதா?"

"எனக்கு ஜன்னலு கீதும்மா. தொறந்துதான் பாக்கல."