தூள்காரர் பெயருக்கு டிக் வேண்டாம்

சிவப்பக்காவுக்கு அந்தப் பெயர் மேனி நிறத்தால் வந்ததல்ல. அவள் பட்டறையில் கலக்கும் சிவப்பு பெயிண்டால் வந்தது. குழந்தைகள் வாயில் வைக்கும் மரப் பொம்மைகளுக்கு அந்தச் சிவப்பை விட்டால் வேறு கதியில்லை என்று பொம்மைக் கம்பெனியே சொல்லும். சொல்லிக்கொண்டே வயிற்றிலும் அடிக்கும். போன வருடம் இவளுக்கு மஞ்சள் சாயத்தூள் விற்பவரின் பெயரை, ஈயம் கலக்கவில்லை என்ற பரிசோதனைச் சான்றிதழில் பார்த்துவிட்டு, மஞ்சளுக்கு இவளைக் கழற்றிவிட்டு அவரிடமே போய் வாங்க ஆரம்பித்தது. சிவப்பும் கைவிட்டுப் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

அதனால் இந்த முறை சிவப்புத் தூள்காரர் பெயர்மேல் பிளாஸ்திரி ஒட்டிச் சான்றிதழை நீட்டினாள். கம்பெனி அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒட்டுப்போட்ட காகிதத்தை எப்படி நம்புவது, ஈயம் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எரிச்சலே அதனால்தான்.

வழி சொன்னவள் நாத்தனார். கம்ப்யூட்டர் படித்தவள், அவள் பேச்சை வீட்டில் யாரும் அதுவரை காதில் போட்டுக்கொண்டதில்லை. பரிசோதனைக்கூடம் டிஜிட்டல் கையெழுத்தோடு சான்றிதழைச் சிவப்பக்காவின் போனுக்கே அனுப்பிவிடும். எந்தக் கம்பெனியின் கணினியிலும் அது கிடக்காது. யாருக்கு எதைக் காட்டுவது என்று அவளே டிக் அடிக்கலாம். மற்றதை மறைத்தாலும் கையெழுத்து செல்லுபடியாகும். அது அசல்தானா என்று யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதிகாரி மறுபடி வந்த அன்று வீட்டுக்காரரும் நாத்தனாரும் பட்டறையில் இருந்தார்கள். பெயிண்ட் டப்பாவில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை அவர் ஸ்கேன் செய்ததும் சிவப்பக்காவின் போனில் கேள்வி வந்தது. எவற்றைக் காட்டலாம்? ஈயம் இல்லை, மூட்டை எண், சோதித்த தேதி, தூள்காரர் பெயர்.

"எல்லாத்துக்கும் டிக் போட்டுடுங்க. ஒளிக்க என்ன இருக்கு?" என்றார் அதிகாரி, தேனொழுக.

வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நாமென்ன திருடர்களா என்று முணுமுணுத்தபடி போனை வாங்கி மடமடவென்று மூன்று டிக் போட்டார். நாலாவதற்குப் போன விரலைச் சிவப்பக்கா எட்டிப் பிடித்தாள்.

"மூணு போதும்," என்றாள். 'அனுப்பு' என்பதை அவளே தட்டினாள்.

அதிகாரியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சை விழுந்தது. ஈயம் இல்லை, கையெழுத்து அசல், பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. சிவப்பக்காவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது; நாத்தனார் குதித்தே விட்டாள்.

அதிகாரி ஒரு வருட ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க. அந்தப் பேர் மட்டும் தெரிஞ்சிருந்தா, இங்கேர்ந்து நேரா அவர்கிட்டதான் போயிருப்பேன்."

வீட்டுக்காரர் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தெரியும் சார்," என்றாள் சிவப்பக்கா. "சரக்கெடுக்க வண்டி எப்ப அனுப்புறீங்க?"