கடைசிப் பாய்க்குப் போன தட்டு

சதுரங்கப்பட்டினத்து ஜெபவீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து நடக்கும். அந்த ஞாயிறு, குட்டிக் கோப்பைகள் அடுக்கிய திராட்சரசத் தட்டை ஏந்தி நின்ற ஏசுதாஸ், தன் மகள் பிழைப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

ஜாய்ஸுக்கு ஐந்து வயது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டெங்கு, கொசுவால் வருகிறது என்று டாக்டர் விளக்கினார். ஏசுதாஸ் தலையாட்டினான். கொசு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிற ஆள்தான். ஆர்டர் மேலேயிருந்து வந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

அதற்கான காரணம் கடைசிப் பாயில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பெஞ்சமின், ஏசி மெக்கானிக், ஏசுதாஸோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். கோடைக்கு முன்புவரை இந்தத் தட்டைத் தூக்கியவன் அவன்தான். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டல் பாருக்கு ஏசி ரிப்பேருக்குப் போயிருந்தான். கண்ணாடி வழியாக ஏசுதாஸ் அதைப் பார்த்தான். பாஸ்டரிடம், "பெஞ்சமின பார்ல பாத்தேன் ஐயா" என்றான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ரிப்பேரை மட்டும் சொல்லாமல் விட்டான்.

பெஞ்சமின் மறுத்தான். குடிகாரர்கள் எல்லாரும் மறுக்கத்தான் செய்வார்கள் என்று சபை புரிந்துகொண்டது. அவனைத் திருவிருந்துப் பந்தியிலிருந்து விலக்கினார்கள். தட்டு ஏசுதாஸுக்கு வந்தது. கூடவே முதல் வரிசையும், கல்யாண வீடுகளில் ஜெபிக்கும் வாய்ப்பும். போன மாதமும் இதே நெஞ்சோடு கோப்பையை எடுத்துக் குடித்தான். இந்த மாதம் மகள் படுத்துவிட்டாள். கணக்கு நேராக இருந்தது.

காலையில் அவன் மனைவி ஹெலன்தான் துரத்தினாள். "இங்க குந்திகினு இன்னா பண்ணப்போற? சபைக்குப் போ. புள்ளைக்கு ஜெபிக்கச் சொல்லு."

பஸ்ஸிலிருந்து பெஞ்சமினுக்கு, 'மச்சான், பேசணும்' என்று வாட்ஸப் போட்டான். ஒற்றை டிக்கோடு நின்றது. ஜெபவீட்டுக்கு வந்தால் போனை அணைக்க வேண்டும் என்பது பாஸ்டரின் கட்டளை. சபையில் அதைக் கடைப்பிடித்தது பெஞ்சமின் ஒருவன்தான்.

"உங்கள நீங்களே விசாரிச்சிக்குங்க," என்றார் பாஸ்டர் மைக்கில். "உங்க கேஸ நீங்களே முடிச்சிட்டா, ஆண்டவரு அத தொறக்க மாட்டாரு. தகுதி இல்லாம குடிச்சா அது ரசம் இல்ல, தீர்ப்பு." மாதாமாதம் சொல்வதுதான். ஏசுதாஸின் காதில் இன்றைக்குத்தான் விழுந்தது.

பாய் பாயாக நடந்தான். கோப்பைகள் குறைந்துகொண்டே வந்தன. பாப்பாக்கா கோப்பையை எடுக்கும்போது முறைத்தாள். "இன்னாப்பா தட்ட இப்டி சாய்ச்சிப் புடிக்கற? சட்டையில ஊத்திக்கப் போற."

கடைசிப் பாய்க்கு வந்தபோது ஒரு கோப்பைதான் மிச்சம். அது தட்டுக்காரனுடையது. பெஞ்சமினைத் தாண்டிப் போகவேண்டும் என்பது உத்தரவு. ஏசுதாஸ் அவன் முன்னால் மண்டியிட்டான்.

"எட்த்துக்கோ மச்சான்."

"எனக்கு இல்லன்னு சொல்லிகீறாங்க."

"எடுடா."

"நீயே குடுப்ப, அப்பறம் நீயே போய் சொல்லுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா சொல்றேன்..."

"சத்தியம் பண்ணாத. அதுவும் பாவம்."

மைக் கரகரத்தது. "ஏசுதாஸ், அங்க இன்னா?"

ஏசுதாஸ் எழுந்தான்.

"ஐயா, அன்னிக்கி பார்ல இவன் கையில ஸ்பேனர்தான் இருந்துச்சி. கிளாஸ் இல்ல. ஏசி பாத்துகினு இருந்தான். தெரிஞ்சேதான் சொல்லாம வுட்டேன். எனக்குத் தட்டு வேணும்னு இருந்துச்சி."

பாஸ்டர் மைக்கைக் கீழே இறக்கினார். குடித்து முடித்த கோப்பைக்குள் சிலர் எட்டிப் பார்த்தார்கள், திருப்பி வைக்க வழி உண்டா என்பதுபோல.

அப்போது ஏசுதாஸின் சட்டைப்பை அதிர்ந்தது. இரண்டு கையிலும் தட்டு.

"மச்சான், ஹெலனா இருக்கும். எடு, எடுடா."

பெஞ்சமின் பையில் கைவிட்டுப் போனை எடுத்தான். "நான் பெஞ்சமின் பேசறேன்... எப்பத்திலிருந்து?... சரி, சரி." அவன் முகம் மாறியது. "கொழந்த ஆஸ்பத்திரில கீதுன்னு எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

"இன்னா சொல்றா?"

"காச்ச எறங்கலயாம். ரத்தம் குடுக்க ஆள் கூட்டினு வரச் சொல்றாங்க."

ஏசுதாஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. இனி ஒப்புக்கொள்ள அவனிடம் எதுவும் மிச்சம் இல்லை.

பெஞ்சமின் செருப்பைத் தேடி மாட்டினான். "வா. என்னுத எடுத்துப்பாங்க. நாந்தான் குடிக்கறதில்லயே."

திருக்கழுக்குன்றம் தாண்டும்போதுதான் ஏசுதாஸ் குனிந்து பார்த்தான். பெஞ்சமினின் பைக்கில், பின்சீட்டில் தட்டை இன்னும் மடியில் அணைத்தபடி இருந்தான். கோப்பை கவிழ்ந்து, வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு.

"இன்னும் வேகமா போ மச்சான்."

"போய்கினுதான கீறேன். நீ ஜெபம் பண்ணிகினு வா."

ஏசுதாஸ் கண்ணை மூடினான். மகளின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே போனான்.