கண்ணாயிரத்தின் கிணற்றுப் பாசி

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என் குடும்பத்தில் நடந்தது. ஆகவே பெயரை மாற்றியிருக்கிறேன். கண்ணாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையத்தில் நாலு தலைமுறையாகக் கரும்பு போடும் வீடு. சொன்ன சொல் தவறாத வீடு. (இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆய்வுக்கூடத்தில் நாற்பது எலிகள்...' வேண்டாம். எலிகளை நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சி மாணவி எழில்மதி சொன்னதைத்தான் எழுத முடியும். கண்ணாயிரத்தின் கிணற்றுப் பாசியைக் காயவைத்து, சாறு இறக்கி, புற்றுக்கட்டி வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தாள். கட்டிகள் பாதியாகச் சுருங்கின. அதே பாசியில் இன்னொரு முறை செய்து காட்டினால்தான் அவள் ஆய்வு நிலைக்கும்.

"எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கம்மா. இது என் வாக்கு" என்றார் கண்ணாயிரம்.

3

பேராசிரியரையும் அழைத்து வருவதாக அவள் போன் செய்தாள். பெரிய மனிதர் வரும்போது கிணறு பச்சைப்பசேலென்றா கிடப்பது? முந்தின நாளே படிகளைச் சுரண்டச் சொல்லி, ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரையும் கொட்டினார்.

(சிரிக்க வேண்டாம். ஆள் வந்தால் நீங்கள் வீட்டைப் பெருக்குவதில்லையா?)

எழில்மதி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"இன்னாங்கய்யா பண்ணிட்டீங்க! எலிங்க அங்க காத்துக்கினு இருக்குதுங்க!"

பேராசிரியர் முன்னால் கண்ணாயிரம் தலைகுனிந்து நின்ற... (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4

படி சுரண்டியவள் செவ்வந்தி; அவர் நிலத்தில் கூலிவேலை செய்பவள். அவர் வாக்குக் கொடுத்தபோது அருகில் இருந்தவள்.

"சொரண்டுனத மாட்டுத் தொட்டில போட்டு வெச்சிருக்கேம்மா. பவுடரு கொட்றதுக்கு மின்னாடியே கெணத்துத் தண்ணியும் மொண்டு ஊத்திட்டேன்."

"யாரக் கேட்டு வெச்ச?" என்றார் கண்ணாயிரம்.

"யாரயும் கேக்கலங்க. நீங்க குடுத்த வாக்க நீங்களே சொரண்டச் சொல்றீங்க. எனக்கு மனசு வர்ல."

பேராசிரியர் சிரித்துவிட்டார். கண்ணாயிரம் சிரிக்கவில்லை. ஆனால் அன்று அந்த வீட்டின் சொல்லைக் காப்பாற்றியவள் செவ்வந்திதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

5

இரண்டாம் முறையும் எலிகளின் கட்டிகள் சுருங்கின. மனிதர்களுக்கு ஆகுமா என்பது எழில்மதிக்கே தெரியாது. நானும் கதை கட்டப்போவதில்லை.

"நன்றிப் பக்கத்துல பேரு போடணுங்கய்யா. யாரு பேரு?" என்று போனில் கேட்டாள்.

முடிவு ஒன்று: அவர் தன் பெயரைச் சொல்கிறார். எழுதிப் பார்த்தேன், கை கூசியது.

முடிவு இரண்டு: "செவ்வந்தின்னு போடும்மா."

"இனிஷியலுங்க?"

தெரியவில்லை. இருபது வருஷமாகத் தன் வயலில் வேலை செய்பவளின் தகப்பன் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

"இரும்மா, கேட்டுச் சொல்றேன்" என்று வரப்பில் நடக்கிறார். களை பறித்துக்கொண்டிருந்த செவ்வந்தி நிமிர்ந்து பார்க்கிறாள்.

அந்தக் கேள்வியை எந்தச் சொல்லில் தொடங்குவது? எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன், வரவில்லை. நீங்களாயிருந்தால் எப்படிக் கேட்பீர்கள்?