பழவேற்காட்டில் ஏற்றிய மெழுகுவர்த்தி

"பேரு, பொறந்த வருசம், செத்த வருசம். அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டான் கல் கொத்தும் மாரப்பன். மொரப்பூருக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த கல்லறைத் தோட்டத்தில், கறுப்புக் கல்லைக் கட்டைகள் மேல் படுக்க வைத்து, கரித்துண்டோடு காத்திருந்தான்.

"அவ்வளவுதான்" என்றான் சவுரியப்பன்.

திருச்சியில் பி.ஏ. படித்தவன், தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறான். வயது இருபத்தொன்பது. மனைவி தெரசா விஷக்காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வருஷத்தில் அவன் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டில் அடங்கும். அழவும் இல்லை. பாடம் நடத்தினான், சாப்பிட்டான், தூங்கினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷக் கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நான்கு நாள். அதற்குள் கல் நிற்க வேண்டும்.

"மாட்டுக்குச் சூடு போட்டாக்கூட இதவிட ரெண்டு கோடு கூட இருக்கும்" என்றாள் மாமியார். ஞானஸ்நானப் பெயர் வேறு; ஊர் கூப்பிடுவது குள்ளம்மாள் என்றுதான். "நான் சொல்றத வெட்டு மாரப்பா. 'மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினவ'ன்னு வெட்டு. புள்ள வரங் கேட்டு ஒரு முழ மெழுகுவத்திய அத்தன தூரம் தூக்கிட்டுப் போனா எம் பொண்ணு. அதுக்கு அந்த மாதா என்ன பண்ணிப்போட்டா? வர்றவங்க போறவங்க படிக்கட்டும். அந்த மாதாவுந்தான் படிக்கட்டும்."

மகளைப் புதைத்த நாளிலிருந்து குள்ளம்மாள் கோயில் படி ஏறவில்லை. பங்குச் சாமியார் வீடு தேடி வந்து சொல்லியும் கேட்கவில்லை. அவளுக்கு மாதாவோடு சண்டை.

மாரப்பன் குனிந்து கல்லில் 'மா' என்று எழுதினான். சவுரியப்பன் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அது பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் இருவர். ஒருத்தி மண்ணுக்குள் இருந்தாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் அவனும் தெரசாவும் பழவேற்காட்டு மாதா கோயிலுக்குப் போனார்கள். சித்தேரி மலைத் தேன்மெழுகைக் குள்ளம்மாள் தன் கையால் உருட்டிக் கொடுத்திருந்தாள். எண்ணூரில் படகு ஏறினார்கள். தடாவுக்குப் போகும் பாய்மரப் படகு. கடலை ஒட்டியே ஓடும் கால்வாயில் போவது. மணல் மேடு தாழ்ந்த இடத்தில் எல்லாம் கடல் தெரிந்தது.

தெரசாவுக்குத் தெரிந்த படகு ஒகேனக்கல் பரிசல் ஒன்றுதான். பரிசலில் எடை சரியாக நிற்க எதிரெதிரே உட்கார வேண்டும். இங்கேயும் புருஷனுக்கு எதிரே குந்திக்கொண்டாள். பக்கத்தில் வா என்றால், "சாஞ்சுபோச்சுன்னா என்னுங்க பண்றது?" என்றாள். படகோட்டி தெலுங்கன். அவனிடம் தன் ஊர்த் தெலுங்கில், பரிசல் மாதிரி இது எப்போது சுற்றும் என்று கேட்டாள். சுற்றாது என்று அவன் சத்தியம் செய்தும் நம்பவில்லை. விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. அதனால் வழி நெடுகச் சவுரியப்பன் கடலைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தான். காற்றில் வாய்க்குள் போன முடியைத் துப்பித் துப்பிப் பேசிக்கொண்டே வந்தாள்.

பழவேற்காட்டில் படகு இரண்டு மணி நேரம் நிற்கும். மாதா கோயிலுக்குப் போகும் வழியில் டச்சுக்காரர்களின் பழைய இடுகாடு. சரித்திரம் படித்தவன் சும்மா தாண்டிப் போவானா? உள்ளே நுழைந்து, கல் கல்லாகப் பார்த்து நோட்டில் எழுதத் தொடங்கினான். குவிமாடம் வைத்த ஒரு கல்லறையில் கப்பல் செதுக்கியிருந்தது.

"ஏனுங்க, கப்பல்ல வந்தவருன்னா, உங்க பேருக்காரரு சவேரியாருங்களா?"

சவேரியார் உடல் கோவாவில் இருப்பது அவனுக்குத் தெரியும். இங்கே கிடப்பவன் துணி வாங்கி விற்ற வியாபாரி. "ஆமா" என்றான். சும்மா, விளையாட்டுக்கு.

அடுத்த கல்லை எழுதி முடித்துத் திரும்பினால், தெரசா முக்காடு போட்டு முழந்தாளில் நின்றாள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. உதடுகள் அசைந்தன. அந்த முகத்தைப் பார்த்தபின் அவனுக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. கரையிலிருந்து படகோட்டி சங்கு ஊதினான். மாதா கோயிலுக்கு நேரமில்லை. "அவரே மாதாகிட்டச் சொல்லிடுவாருங்க" என்று அவள் ஓடி வந்தாள்.

படகு ஏரி நடுவுக்கு வந்த பிறகு, அது ஒரு துணி வியாபாரியின் கல்லறை என்று சொன்னான். அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வியாபாரியா! அந்தாளு என்னங்க நெனச்சிருப்பான்? சொந்தப் பேரன் பேத்திகூட எட்டிப் பாக்கல, எவளோ ஒருத்தி வந்து புள்ள குடுங்கறா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. கொன்னுபோடும்" என்றாள்.

மாரப்பன் 'தா'வுக்குக் கரியை வைத்தான்.

"அத்தை" என்றான் சவுரியப்பன். "அந்த மெழுகுவர்த்தி மாதாகிட்டப் போகலீங்க."

"என்ன சொல்றீங்க மாப்ள?"

சொன்னான். கல்லறை, கப்பல், அவள் கேட்டது, அவன் 'ஆமா' என்றது. எதையும் மறைக்கவில்லை. "தப்பு எம்மேல. மாதா மேல இல்லீங்க. என்னைத் திட்டுங்க."

குள்ளம்மாள் அவன் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"முட்டி போட்டு, முக்காடு போட்டு, துணி யாவாரிகிட்டயா?"

"ஆமாங்க."

"முழு மெழுகுவத்தியுமா?"

"முழுசும்."

"பாவி, ஒரு வாரம் உட்காந்து உருட்டுனேன்டா!" மருமகனை அதுவரை ஒருமையில் அழைத்தறியாதவள், அவன் தோளில் ஓங்கி இரண்டு குத்து விட்டாள். மூன்றாவதற்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. "அவ என்ன சொன்னா?"

"சிரிச்சா. 'அந்தாளு என்னங்க நெனச்சிருப்பான்'னு..."

அதைத் தெரசாவின் குரலில், அவள் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னான். முடிக்கவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு வருஷத்து அழுகை சத்தம் போட்டு வந்தது. மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குள்ளம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அம்மிணி, இப்ப என்னத்த வெட்டறதுங்க?"

"அழிச்சுப்போடு. மாப்ள சொன்ன மாதிரி பேரும் வருசமும் மட்டும் வெட்டு." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு மருமகன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. மொதமொதலா கடல்தண்ணியப் பாத்து என்ன பண்ணுனா?"

"உப்புன்னேன், நம்பல" என்றான் சவுரியப்பன். "ஒரு கை அள்ளிக் குடிச்சே பாத்துட்டா."