கூம் வெல்டு வைத்த சீட்

என் கணவர் வுகாஷினுக்குத் தொப்பை உண்டு. இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் காரின் இரும்பை உடைக்கிற அளவுக்குத் தொப்பை இல்லை அது. இதை ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் காது கொடுக்கவில்லை. எங்கள் கூம் வேறு மாதிரிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

கூம் என்றால் கல்யாணத்தில் நமக்குச் சாட்சியாக நின்றவர், பிறகு நம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், வேலிக்காகக் கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். கூமின் முகம் வாடும்படி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எங்கள் கூம் ப்ளாகோயே, கார் மெக்கானிக். ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். பேச்சுக்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

அக்டோபரில் ஒருநாள் வுகாஷின் பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். டக் என்று ஒரு சத்தம். டிரைவர் சீட்டின் முதுகு அப்படியே பின்னால் விழ, மனுஷன் மல்லாந்துவிட்டார். கை ஸ்டியரிங்கை விட்டாயிற்று, கண் வண்டிக் கூரையைப் பார்க்கிறது, வண்டி தன் பாட்டுக்குப் போகிறது. நல்லவேளையாக எதிரே இருந்தது காற்று அடிக்கிற இயந்திரம், ஆள் இல்லை.

கூம் வந்தார். சீட்டின் உறையைக் கழற்றிப் பார்த்தார். முதுகைத் தாங்குகிற இரும்புச் சட்டம் அடியில் விட்டுப் போயிருந்தது. சட்டத்தைப் பார்த்தார், பிறகு என் கணவரின் தொப்பையைப் பார்த்தார்.

“கூமே, வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. அதுமேல நீ உக்கார்ற பாரு, அதுதான் தப்பு.”

பங்கில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து வுகாஷினும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கூம் அன்றைக்கே எங்கள் முற்றத்தில் வைத்து அந்தச் சட்டத்துக்கு வெல்டு வைத்துக் கொடுத்தார். “இனி இதுமேல காளை மாட்டைக்கூட உக்கார வைக்கலாம். ஆனா நீ கொஞ்சம் வாயைக் கட்டு” என்றார். வுகாஷினும் கட்டினார். காலையில் முட்டைக்கோஸ், மதியம் முட்டைக்கோஸ், ராத்திரி அதன் தண்ணீர். ரொட்டி இல்லாமல் அவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. இப்போது ரொட்டிக் கூடையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ராத்திரியில் வயிறு உறுமுவது எனக்குக் கேட்கும். பாவமாக இருக்கும், உடனே கோபமும் வரும்.

நவம்பரில் சந்தைக்குப் போகும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றுப் பாலத்தின் மேல் மறுபடியும் டக். நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எதிரே வந்த லாரி எங்கள் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தட்டிப் பறித்துக்கொண்டு போயிற்று. மல்லாந்து கிடந்த என் கணவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

“கூமுக்குத் தெரிய வேண்டாம்.”

தெரியாமல் எப்படி இருக்கும், வெல்டு வைக்கிறவரே அவர்தானே. மறுபடியும் வைத்தார். “இன்னும் உடம்பு குறையல கூமே” என்றார். என் கணவர் குற்றவாளி மாதிரித் தலை குனிந்து நின்றார். உண்மையில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் அவர் கயிறு கட்டியிருந்தார்.

அந்த வாரமே தொலைக்காட்சிச் செய்தியில் சொன்னார்கள். எங்கள் வண்டி மாதிரியே உள்ள வண்டிகளுக்கு டிரைவர் சீட்டின் சட்டம் தொழிற்சாலையிலேயே சரியாகச் செய்யவில்லையாம். எந்த ஷோரூமுக்குக் கொண்டுபோனாலும் இலவசமாகப் புதுச் சட்டம் மாற்றித் தருவார்களாம்.

“கேட்டீங்களா! கேட்டீங்களா!” என்று நான் குதித்தேன்.

வுகாஷின் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார். “மெதுவா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுமே! நாளைக்கே நீஷ் நகரத்து ஷோரூமுக்குப் போறோம்.”

“போனா உறையைப் பிரிப்பாங்க. கூம் வெல்டு வச்சதைப் பாப்பாங்க. சிரிப்பாங்க. அது அவன் காதுக்கு வரும். அவனுக்கு எப்படி இருக்கும்?”

“ஏன் மனுஷா, உங்களுக்குக் கழுத்து வேணுமா வேண்டாமா?”

“கழுத்து ஒண்ணுதான் தெசாங்கா. கூமும் ஒருத்தன்தான்.”

இப்படிப் பேசுகிற ஆளை என்ன செய்வது? நானே கூமிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். “டிவில ஆயிரம் சொல்லுவான்மா. கம்பெனிக்காரனுக்கு வெல்டிங் தெரியுமா, எனக்குத் தெரியுமா?” என்றார். அதற்கு மேல் நான் வாய் திறந்தால் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

இதையாவது விட்டுத் தொலைக்கலாம். ஆனால் டிசம்பரில் எங்கள் வீட்டு ஸ்லாவா முடிந்த மறுநாள், பெல்கிரேடுக்குப் போய் எங்கள் மகளையும் அவள் கைக்குழந்தையையும் அழைத்து வரப்போவதாக வுகாஷின் சொன்னார். நெடுஞ்சாலையில். அந்தச் சீட்டில். இனி மரியாதை பார்த்துப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

ஸ்லாவா எங்கள் வீட்டுப் புனிதர் நிக்கோலாஸின் நாள். யாரையும் அழைக்க மாட்டோம், வரவேண்டியவர்கள் எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு வீட்டுத் தலைவர் உட்காரவே கூடாது. காலையிலிருந்து நின்றுகொண்டே பரிமாறுவார், வாசலைத் தாண்ட மாட்டார். நோன்புக் காலத்தில் வருவதால் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. மீனும் பீன்ஸும் வால்நட் கேக்குமாக மேஜை நிறைந்துவிடும். மிச்சத்தைக் காருக்குள் வைப்போம். பனிக்காலத்தில் எல்லா வீட்டுக்கும் கார்தான் இரண்டாவது ஃப்ரிட்ஜ்.

அன்று காலை நான் பின்சீட்டிலிருந்த நல்ல கேக்குகளையெல்லாம் எடுத்து வந்துவிட்டேன். என் நாத்தனார் ரூஷிட்சா கொண்டுவந்ததை மட்டும் அங்கேயே விட்டுவைத்தேன்.

ரொட்டியை ஆசீர்வதிக்கப் பாதிரியார் வந்து வெளியே ஹாரன் அடித்தார். எங்கள் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதை அங்கே நிறுத்தச் சொன்னதே நான்தான்.

“கூமே, இவரு இன்னிக்கு வெளிய வரக்கூடாது. நீங்கதான் வண்டிய ரெண்டடி பின்னாடி எடுக்கணும்” என்று சாவியை நீட்டினேன்.

வுகாஷினுக்கு முகம் வெளுத்துவிட்டது. கையில் ராக்கியாச் சாராயத் தட்டோடு வாசல்வரை வந்து நின்றுவிட்டார். கூம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். விருந்தாளிகள் கோப்பையோடு ஜன்னலில் கூடிவிட்டார்கள்.

கூம் சீட்டில் உட்கார்ந்து இரண்டு முறை குதித்துக் காட்டினார். கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்து, “என் வெல்டு எப்படி நிக்குது பாத்தீங்களா?” என்று கத்தினார். ரிவர்ஸ் போட்டார். ஒரு கையைப் பக்கத்துச் சீட்டின் மேல் போட்டு, உடம்பைத் திருப்பி, முதுகை நன்றாக அழுத்திப் பின்னால் பார்த்தார்.

டக்.

வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. தலை ரூஷிட்சாவின் கேக்குக்குள் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. கூமைப் பார்த்துச் சிரிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டு வானத்தில் எதையோ தேடினார். ரூஷிட்சா மட்டும், “ஐயோ, என் கேக்!” என்றாள்.

அப்போது வுகாஷின் வாசலைத் தாண்டி ஓடினார். ஸ்லாவா அன்று எந்த வீட்டுத் தலைவரும் செய்யாததை, கையில் ராக்கியாத் தட்டோடு, பனியில், வீட்டுச் செருப்போடு செய்தார்.

“கூமே! அடி பட்டுச்சா? தப்பு என்னோடதுதான்! காலைலேர்ந்து உனக்கு மீனா போட்டுத் தள்ளிட்டேன். அந்தக் கனத்துக்குத்தான் உடைஞ்சிருக்கு!”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எப்பேர்ப்பட்ட முட்டாளைக் கட்டியிருக்கிறேன், எப்பேர்ப்பட்ட நல்லவரைக் கட்டியிருக்கிறேன்.

பிறகு கேக்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மீன் தின்னா இரும்பு உடையுமாடா?”

“உடையாதுதான். ஆனா...”

“அப்ப உன் தொப்பைக்கும் உடைஞ்சிருக்காது.”

கூம் எழுந்து வந்தார். வழுக்கைத் தலை முழுக்க வால்நட். அதைத் துடைக்கக்கூட இல்லை. “பெல்கிரேடு அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கு நீஷ். நானே கயிறு கட்டி இழுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் ஷோரூமில் மெக்கானிக் சீட் உறையைப் பிரித்தான். உள்ளே பார்த்ததும் சிரித்துவிட்டான். “யாருங்க இத வெல்டு வச்சது? இது வெல்டா, காக்கா எச்சமா?”

“நான்தான்” என்றார் வுகாஷின் உடனே. “என் கூம் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல.”

“பொய் சொல்றான். நான் வச்சேன்” என்றார் கூம்.

“நீ சும்மா இரு கூமே. நான்தாம்பா.”

“வெல்டிங் குச்சிய எந்தப் பக்கம் புடிக்கணும்னாவது உனக்குத் தெரியுமாடா? நான்தான் வச்சேன்! ரெண்டு தடவ வச்சேன்! ரெண்டு தடவயும் உன்னப் பட்டினி போட்டேன்!”

இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. ஷோரூமில் வண்டி பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மெக்கானிக் என் பக்கம் திரும்பி, “அக்கா, உண்மையில யாரு?” என்றான்.

“யாரா இருந்தா என்னப்பா? நீ புதுசப் போடு. இவங்க ரெண்டு பேரும் அதுல கை வைக்காம மட்டும் பாத்துக்கோ.”

கூம் கீழே பார்த்தார். உடைந்த சட்டம் தரையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாலத்து மேல லாரி அடிச்சிருந்தா?” என்றார் மெதுவாக. “நீ போயிருந்தா நான் யாருக்குடா கூமா இருப்பேன்?”

வுகாஷின் கூமின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். பிறகு, “பசிக்குது கூமே” என்றார்.