கழுவாத ஹெல்மெட்

தலை திரும்புகிறது, ஹெல்மெட் திரும்பவில்லை, பச்சை ஓட்டுக்குள்ளே ஷெர்லினின் கண்கள் இடப்பக்கம் போய் ஓரத்தில் மறைந்து, மறுபடி வந்து, வலப்பக்கம் போகின்றன, பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடமாடுவதுபோல, ஹெல்மெட் மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அவள் கன்னத்துக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் விரலை விடுகிறேன், தடையில்லாமல் போகிறது, பெருசா இருக்கு ஷெர்லின், கழட்டு என்கிறேன், இல்ல அண்ணி, சரியாத்தான் இருக்கு, அண்ணனுக்கும் இப்படித்தானே இருந்துச்சு என்கிறாள், ஆமாம், ரூபனுக்கும் இப்படித்தான் இருந்தது, அதனால்தான் அன்றைக்கு அவர் தலையிலிருந்து இதைக் கழற்றி வைத்தேன், ரூபன் என் கணவர், ஷெர்லினின் அண்ணன், இதே டிராக்கில், அதோ அந்தக் கடைசி வளைவில், போன வருஷ பைக் பந்தயத்தில் விழுந்து இறந்தவர், இறந்தவர் என்று வாய் சொல்லிவிடுகிறது, நினைப்பு சொல்வதில்லை, இப்போதும் அவர் பழைய டயர்மேல் உட்கார்ந்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறார், டீ சொன்னியா என்கிறார், நான் திரும்பிப் பார்க்கிறேன், டயர்மேல் மெக்கானிக் நசீர் உட்கார்ந்து ஸ்பேனரைத் துடைக்கிறார்.

ஓட்டுகிறவர்களுக்குத் தோல் உடுப்பையும் ஹெல்மெட்டையும் உடம்போடு பொருந்த வைப்பதுதான் டீமில் என் வேலை, நின்றால் சரியாக இருக்கும் உடுப்பு குனிந்தால் தோளைத் தூக்கும், முழங்கால் காப்பு நழுவும், அதனால் எல்லோரையும் வண்டிமேல் குனிய வைத்துத்தான் பார்ப்பேன், அதையெல்லாம் கேட்டுக்கொள்வார்கள், ஒன்றை மட்டும் கேட்கமாட்டார்கள், ஜெயித்த ஹெல்மெட்டைக் கழுவமாட்டார்கள், உள்துணியைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசினால் நுரையோடு ராசியும் போய்விடுமாம், இந்தப் பச்சை ஹெல்மெட்டில் ரூபன் தொடர்ந்து ஜெயித்தார், கழுவவே விடவில்லை, வியர்வை உப்பு ஸ்பாஞ்சைத் தின்றுகொண்டே இருந்தது, அமுங்கியது எழும்பவில்லை, ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஹெல்மெட் தலையைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது, போட்டிருப்பவருக்கு அது தெரியாது, இப்பத்தான் சுகமா இருக்கு என்றார் ஒருநாள், சுகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னாலே அளவு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், புதிதாக வெள்ளை ஹெல்மெட் ஒன்று வாங்கி, கன்னத்து ஸ்பாஞ்சை அவர் முகத்துக்குத் தக்கபடி மாற்றி வைத்தேன், பந்தயத்தன்று அதை மாட்டியதும், புதுச் செருப்பு மாதிரி கடிக்குது என்று முனகினார், வலிக்குதா, இறுக்குதா என்று கேட்டேன், ஒரே இடத்தில் வலித்தால் அளவு தப்பு, முகம் முழுக்க இறுக்கினால் அளவு சரி, அவர் யோசித்து, இறுக்குது என்றார், அப்ப சரி என்றேன், எங்களுக்குள் கடைசியாக நடந்த பேச்சு அவ்வளவுதான்.

முன்சக்கரம் வழுக்கி விழுந்தார், பின்னால் வந்த வண்டி நெஞ்சில் ஏறிவிட்டது, தலைல ஒரு கீறல்கூட இல்லம்மா என்றார் டாக்டர், ஆறுதலாகத்தான் சொன்னார், துணியை விலக்கினால் தூங்குகிற முகம், இரண்டு கன்னத்திலும் நான் வைத்த ஸ்பாஞ்சின் தையல் வரி பதிந்து சிவந்திருந்தது, அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, அந்த வரி இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது, சோறு பிசையும்போது வருகிறது, கனவிலும் அவர் வந்து கன்னத்தைத் தடவிக்கொண்டே, இறுக்குது என்கிறார், அப்ப சரி என்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்கிறேன், மாமியார் மட்டும் ராயபுரம் வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பச்சையப் போட்டிருந்தா எம்புள்ள வந்திருப்பான், இவ மாத்திவுட்டா என்று சொல்லிச் சொல்லி அழுதார், பச்சை ஹெல்மெட்டை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தார், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதன் கண்ணாடிக்குள் ஏதோ அசைவதுபோல இருக்கும், வெளியே தூசி தட்டுவேன், உள்ளே கை விட்டதில்லை, அதைத்தான் இன்று காலை ஷெர்லின் யாரிடமும் சொல்லாமல் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள், இன்று அவளுக்கு இந்த டிராக்கில் முதல் பந்தயம், இதோடு போனால் விழுகிற வேகத்தில் ஹெல்மெட் முன்னால் பறந்துவிடும், இதைக் கழற்றி வேறு மாட்டிவிட்டு அவளுக்கு ஏதாவது ஆனால் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது, எனக்கென்று மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான்.

தாடைப் பட்டையை இறுக்கிக் கட்டு என்கிறேன், கட்டுகிறாள், பின்னால் போய் ஹெல்மெட்டின் அடி விளிம்பைப் பிடித்து மேலே தூக்கி முன்பக்கமாகத் தள்ளுகிறேன், கட்டிய பட்டை கட்டியபடியே இருக்க, ஹெல்மெட் அவள் நெற்றிமேல் உருண்டு என் கையோடு வந்துவிடுகிறது, உள்ளிருந்து வெளிப்படுவது ரூபனின் முகம், ஒரு கணம், பிறகு ஷெர்லின், தாடையில் பட்டை உரசிய சிவப்போடு, நசீர் துடைப்பதை நிறுத்திவிட்டு, ஏம்மா, அது ஹெல்மெட்டா, டிபன் பாக்ஸ் மூடியா என்கிறார், அவள் சிரிக்கவில்லை, அந்த ஸ்பாஞ்சையாவது கழட்டி வேற ஹெல்மெட்ல வெச்சுக் குடு அண்ணி என்கிறாள், அதுல பதிஞ்சிருக்கறது அவர் கன்னம்டி, உன் கன்னத்துக்கு அதுல இடமில்ல என்கிறேன், அவள் குனிந்து தன் கையுறையைப் பார்த்துக்கொண்டே, உள்ள இன்னும் அண்ணன் வாசம் வருது, அந்த வளைவுல அது கூட இருந்தா பயமா இருக்காதுன்னு பாத்தேன் என்கிறாள், பயமா இருக்கா, ரொம்ப அண்ணி, சரி, பயந்துக்கிட்டே போ, லூசா மட்டும் போவாத, அம்மா கேட்டா என்ன சொல்றது என்கிறாள், நான்தான் மாத்துனேன்னு சொல்லு, எப்படியும் அதத்தான் சொல்லப் போறாங்க.

பயிற்சியில் அவள் போட்ட நீல ஹெல்மெட்டை மாட்டுகிறேன், கன்னங்கள் பிதுங்கிக் கண்ணுக்குக் கீழே ஏறுகின்றன, கடலைய அதக்கிவெச்ச கொரங்கு மாதிரி இருக்க என்கிறார் நசீர், போயா என்கிறாள் அவள், வார்த்தை நசுங்கி வருகிறது, பின்னாலிருந்து தள்ளிப் பார்க்கிறேன், ஹெல்மெட் அசையவில்லை, நெற்றித்தோல் மட்டும் அதோடு சேர்ந்து நகர்கிறது, உடுப்புக்குள் நெஞ்சுக்காப்பு உட்கார்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்துகிறேன், அழுத்தின கையை எடுக்க மனம் வரவில்லை, வலிக்குதா, இறுக்குதா, கேட்கவேண்டிய கேள்வி, நான் கேட்காமலே அவள், இறுக்குது அண்ணி என்கிறாள், அப்ப சரி என்று சொல்லவேண்டிய இடம் வருகிறது, என்னால் முடியவில்லை, போயிட்டு வா என்கிறேன்.

கொடி அசைகிறது, வண்டிகள் ஒரே சத்தமாகக் கிளம்பி, முதல் வளைவுக்கு அந்தப்புறம் போய் அடங்குகின்றன, டிராக்கை ஒட்டி டீம்கள் நிற்கும் பிட் சுவரோரம் பச்சை ஹெல்மெட்டோடு நிற்கிறேன், அதற்குள் முகத்தை வைக்கிறேன், உப்பு, எண்ணெய், அவர், அப்படியே தலையில் இறக்கிக்கொள்கிறேன், உள்ளே ரொம்பச் சுகமாக இருக்கிறது, வெளியே எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகிறது, யாரோ கடைசி வளைவை நெருங்குகிறார்கள், அவரா அவளா என்று தெரியவில்லை, பார்க்கத் திரும்புகிறேன், என் தலை திரும்புகிறது, ஹெல்மெட் திரும்பவில்லை, கண்ணுக்கு முன்னால் இருட்டு ஓடு, அந்த இருட்டில் அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறார், கொஞ்சம் இரு என்கிறார், என் புள்ள வருதுங்க என்று சொல்லி ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன், வெளிச்சம், வண்டிகள் வளைவில் சாய்கின்றன, நடுவில் ஒரு நீலத்தலை, உடம்பு சாயும்போது கூடவே சாய்ந்து, நிமிரும்போது கூடவே நிமிர்ந்து, என்னைக் கடந்து போகிறது.